ஒத்துழைப்பு போதாது

மூக்கைக் கிடுக்கியால் அடைத்து
காகிதக் குழலை வாயில் கொடுத்து
நாளைக்கு இருபது பேரிடம் கத்துகிறேன்:
ஊது, ஊது, விடாதே, இன்னும், இன்னும்.
உலைகளை ஊதி வளர்ந்த ஊர் ஒஸ்திராவா.
உலைகள் அவிந்தபின்
ஆட்களை ஊத வைக்கும் வேலை எனக்கு.

திராஹொமீரா, டிராம் ஓட்டுநர்.
நாற்பத்தேழு வயது, நூற்றுப் பதினெட்டு கிலோ.
கைப்பிடி வைத்த நாற்காலியில்
ஒருக்களித்துத்தான் உட்கார்வாள்.
நான் வேறு பக்கம் பார்ப்பேன்,
அதுதான் மரியாதை என்று நினைத்து.

நாலு வருடமும் அவளுக்கு ஒரே பதில்:
முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்.
கூடவே, இழுப்பு வந்தால் போட்டுக்கொள்ள
ஸ்டீராய்டு மாத்திரை.
மாத்திரை பசியைக் கிளப்பியது,
பசி இடுப்பைக் கூட்டியது,
இடுப்பு மூச்சைக் குறுக்கியது,
குறுகிய மூச்சுக்கு மறுபடி மாத்திரை.
'என் டிராமும் இப்படித்தான்,
கடைசி நிறுத்தத்தில் வட்டமடித்துத் திரும்பும்' என்றாள்.
நான் சிரிக்கவில்லை.
கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஊதலைப் பாதியில் விட்டுவிட்டாள்.
அறிக்கையின் கீழ்க் கட்டத்தில் எழுதினேன்:
ஒத்துழைப்பு போதாது.
என் கையெழுத்து. என் முத்திரை.

ஜனவரியில், புகை ஊரின்மேல்
மூடிபோட்டு உட்கார்ந்த வாரம்
புதிதாக வந்த மருத்துவர் ஹெட்விகா
எடைபோடும் கருவியைத் திரும்பியும் பார்க்கவில்லை.
எப்படித் தூங்குகிறீர்கள் என்றார்.
உட்கார்ந்து.
காலையில் தலைவலி?
டிராம் மணி என்று நினைப்பேன், பார்த்தால் என் தலை.
படுத்தால் நெஞ்சுவரை புளிப்பு ஏறுமா?
இதையெல்லாம் யாரும் கேட்டதில்லையே.

ரத்தத்தில் ஒவ்வாமை அணுக்கள் சொற்பம்.
'எந்தத் தீயை அணைக்க இவ்வளவு ஊற்றினோமோ
அந்தத் தீ இவரிடம் அதிகமில்லை' என்று
என் அறிக்கையின் பின்பக்கத்தில்
படம் வரைந்தார் ஹெட்விகா.
வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது.
நுரையீரல் முழுதாய் விரியுமுன்
அடுத்த மூச்சு வந்து நிற்கிறது.
அடியில் உள்ள சிறுகுழாய்கள்
ஈரச் சட்டைக்கை போல ஒட்டிக்கொள்கின்றன.
கொழுப்பும் சும்மா கிடப்பதில்லை,
தன் பங்குக்கு அழற்சியைக் கிளறுகிறது.
ஆஸ்துமாவும் உண்டு, எடையும் உண்டு,
ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ள முடியாது.
சோம்பல் என்பது மட்டும் இதில் எங்கும் இல்லை.

திராஹொமீரா அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
முன்பக்கத்தில் என் வாக்கியத்தோடு.

மாத்திரை மெல்ல மெல்ல இறங்கியது.
உறிஞ்சும் மருந்து அதேதான்,
உறிஞ்சத்தான் இப்போது ஒருவர் சொல்லிக்கொடுத்தார்.
இரவுக்குக் காற்று தள்ளும் முகமூடி
(முதல் வாரம் கழற்றி எறிந்தாளாம்).
வாரம் மூன்று நாள் நீச்சல்குளத்தில் நடை.
'தண்ணீர் என்னைத் திட்டாமல் தாங்குகிறது.'
ஒன்பது மாதத்தில் பதினோரு கிலோ குறைந்து
கிறிஸ்துமஸ் கெண்டைமீனும் உருளைக்கிழங்கு சாலட்டும்
அதில் இரண்டைத் திருப்பித் தந்தன.

இன்று வந்தாள்.
மூன்று முறை எழுதிக் கேட்டதில்
கைப்பிடி இல்லாத நாற்காலி வந்திருக்கிறது.
நேராக உட்கார்ந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
மின்தூக்கியில் வரவில்லையாம்,
ஒன்றரை மாடி ஏறி, நின்று, மீதியும் ஏறினாளாம்.

திரையில் கோடு
போன வருடத்தைவிடக் கொஞ்சம் உயரம்.
கொஞ்சம்தான்.
அறிக்கையின் கீழ்க் கட்டத்தை விரலால் தொட்டு
'இன்றைக்கு என்ன எழுதுவீர்கள்?' என்றாள்.

ஜன்னலுக்குக் கீழே டிராம் ஒன்று திரும்பியது.
காகிதக் குழலை மாற்றினேன்.
இன்னொரு முறை ஊதிப் பார்க்கலாமா என்றேன்.

ஊதினாள்.
நான் கத்தவில்லை.